கிரீஸ் போட்ட பேரிங் ஏன் சீக்கிரம் நின்றுவிடுகிறது?

திருவொற்றியூரில் நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது பேரிங் வண்டி ஓடாத தெருவே கிடையாது. லாரிப் பட்டறையில் கழற்றிப் போட்ட பழைய பேரிங் மூன்று, ஒரு பலகை, நாலு ஆணி, அவ்வளவுதான். பேரிங் கைக்கு வந்ததும் முதல் வேலை, அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு உள்ளே இருக்கும் கறுப்புக் கிரீஸ் அத்தனையையும் கழுவி எடுப்பது. கழுவிய பேரிங்கை விரலில் மாட்டிச் சுண்டினால் விர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்கும். பட்டறையில் அப்போதுதான் பிரித்த, கிரீஸ் நிறைந்த புது பேரிங்கைச் சுண்டினால் அரைச் சுற்றில் நின்றுவிடும். "பழசே நல்லா ஓடுதே, அப்புறம் எதுக்குண்ணா புதுசு?" என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "லோடு ஏறட்டும், அப்ப தெரியும்டா" என்றார்.

வண்டிப் புகையைக் குறைக்க உராய்வு குறைந்த பேரிங் செய்கிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த ஒரு கேள்வியோடுதான்: பாரத்தையும் தாங்க வேண்டும், லேசாகவும் சுற்ற வேண்டும், எப்படி?

பேரிங் என்பது இரண்டு வளையங்கள், அவற்றுக்கு நடுவே உருளும் உருளைகள் அல்லது குண்டுகள், அவ்வளவுதான். உருளுவதற்குச் செலவாகும் விசை மிகக் குறைவு. நல்ல பேரிங்கின் உராய்வுக் கெழு 0.0015 முதல் 0.002 வரைதான் இருக்கும், அதாவது 1,000 கிலோ பாரத்தைச் சுழற்றத் தண்டின் விளிம்பில் 2 கிலோ விசை போதும். எண்ணெயே இல்லாமல் இரும்பு மேல் இரும்பு தேய்ந்தால் அதே பாரத்துக்குப் பல நூறு கிலோ விசை வேண்டும். ஆனால் லோடு ஏறினால் உருளையும் வளையமும் தொடும் இடம் ஒரு மெல்லிய கோடு அளவுக்குத்தான் இருக்கும், அந்தக் கோட்டில் விழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போலப் பத்தாயிரம் மடங்கையும் தாண்டும். அங்கே நுழைகிற எண்ணெய் அந்தக் கண நேரத்துக்குக் கிட்டத்தட்டத் திடப்பொருளாகவே இறுகி, இரும்பை இரும்போடு ஒட்டவிடாமல் பிரிக்கிறது. அந்தப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மண்ணெண்ணெயில் கழுவிய பேரிங்கில் இந்தப் படலமே கிடையாது, எங்கள் வண்டிக்கு அது போதும், 40 டன் ட்ரெய்லருக்கு ஒரு நாள்கூடத் தாங்காது. ஆகவே கிரீஸ் கட்டாயம் வேண்டும், ஆனால் அதே கிரீஸைக் கலக்கிக்கொண்டு ஓடுவதற்கும் டீசல்தான் எரிகிறது.

உராய்வு ஒளிந்திருக்கும் இன்னோர் இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. லாரிச் சக்கரத்தில் இருப்பது கூம்பு உருளை பேரிங், பட்டறையில் உள்வளையத்தைக் கோன் என்பார்கள், வெளிவளையத்தைக் கப் என்பார்கள். அமெரிக்காவில் ஹென்றி டிம்கென் 1898ல் காப்புரிமை வாங்கிய வடிவம் இது. நனைந்த புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் அது பிதுங்கிக்கொண்டு ஓடும் அல்லவா, அப்படித்தான் பாரம் விழுந்ததும் ஒவ்வோர் உருளையும் தன் பருத்த முனைப் பக்கமாகப் பிதுங்கப் பார்க்கும். அது ஓடிவிடாமல் கோனின் ஓரத்தில் ஒரு வரம்பு தடுக்கிறது. உருளையின் முனை அந்த வரம்பில் உருளுவதில்லை, வழுக்கித் தேய்கிறது. வேகமாக ஓடும்போது அங்கேயும் எண்ணெய்ப் படலம் உருவாகிவிடும், ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கிற மாதிரி ஊர்ந்தால் படலம் சரியாக உருவாகாது, முனையும் வரம்பும் நேரடியாக உரசும். அதனால் புது வடிவமைப்புகளில் உருளையின் முனையைத் தட்டையாக விடாமல் ஒரு பெரிய கோளத்தின் துண்டு போல மிக லேசாக வளைத்து, வரம்பையும் கண்ணாடி மாதிரி மெருகேற்றுகிறார்கள், எண்ணெய் ஆப்பு போல இடையில் நுழைந்துகொள்ளும்.

உருளைகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் குறைத்தாலும் உராய்வு குறையும். ஆனால் இந்த வகை பேரிங்கில் பாரம் தாங்கும் திறன் 10 விழுக்காடு குறைந்தால் ஆயுள் சுமார் 30 விழுக்காடு போய்விடும், அதை ஈடுகட்ட இன்னும் தூய்மையான எஃகும் சூட்டுப் பதப்படுத்தலும் வேண்டும்.

சரி, இதனால் எவ்வளவு மிச்சம்? ஒரு சக்கரத்தின் மேல் 4 டன் பாரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், டயர் நசுங்கி நிமிர்வதால் வரும் தடை சுமார் 240 நியூட்டன், பேரிங் உருளுவதால் வருவது, டயரின் விளிம்பில் அளந்தால், 6 நியூட்டன்தான். சக்கர பேரிங்கை மட்டும் மாற்றினால் புகை பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் பேரிங் சக்கரத்தில் மட்டுமா இருக்கிறது? இன்ஜினின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியலில், அந்த விசையை உள்ளே கொண்டுவரும் பினியன் என்ற பற்சக்கரத் தண்டு சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றுகிறது, பற்கள் விலகாமல் இருக்க அதன் பேரிங்குகளை முன்கூட்டியே இறுக்கிவைக்கிறார்கள், சுற்றிலும் கெட்டியான கியர் ஆயில் வேறு. அங்கே தடையைக் கொஞ்சம் குறைத்தாலும் நல்ல பலன் கிடைக்கும். சில கார்களில் அந்த இடத்தில் கூம்பு உருளைகளை எடுத்துவிட்டு இரட்டை வரிசைக் குண்டு பேரிங் போட்டுவிட்டார்கள், குண்டுக்கு வரம்பு உரசலே கிடையாது. கனரக லாரியின் பாரத்துக்குக் குண்டு தாங்காது என்பதால் அங்கே கூம்பையே திருத்தித் திருத்திச் செய்கிறார்கள். இவற்றோடு எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ஆயில் சீலின் உதடு தண்டில் அழுத்துகிற உரசல், கியர்பாக்ஸ், கிராங்க் தண்டு எல்லாம் சேரும்போதுதான் கணக்கு பெரிதாகிறது. காரில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு, டயர், பிரேக் உட்பட எல்லா உராய்வுகளிலும் கரைகிறது என்று 2012ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடும் ட்ரெய்லர் ஒன்று வருடத்துக்கு 60,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், ஒரு விழுக்காடு மிச்சமானாலே 200 லிட்டர் டீசல், அதாவது 500 கிலோவுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு. எங்கள் பக்கத்துச் சாலையில் போகும் ட்ரெய்லர்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இது சின்ன எண்ணாகத் தோன்றாது.

மின்சார வண்டிக்கும் இதே தேவைதான். 2025ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. அவற்றில் பேரிங் விழுங்குகிற ஒவ்வொரு வாட்டும் ஒரே சார்ஜில் ஓடக்கூடிய தூரத்தைக் குறைக்கும்.

இவ்வளவு நுணுக்கமாகச் செய்த பேரிங்கும் கடைசியில் சக்கரத்தின் நடுவே பேரிங் உட்காரும் ஹப்பின் நட்டை முறுக்குகிறவர் கையில்தான் இருக்கிறது. மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குவார், உருளைகள் வரம்பில் ஒழுங்காக உட்கார்ந்ததும் கொஞ்சம் தளர்த்துவார், சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார். அந்த ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். இறுக்கம் கூடினால் சூடேறிக் கிரீஸ் உருகும், தளர்வு கூடினால் பாரம் நாலைந்து உருளைகள் மேல் மட்டும் விழும். இப்போது தொழிற்சாலையிலேயே அளவு வைத்து, கிரீஸ் நிரப்பி, சீல் போட்டு மூடிய ஹப் பேரிங்குகள் வருகின்றன, அவற்றில் கை வைத்துச் சரிசெய்ய எதுவுமில்லை. பழைய வகை ஹப் உள்ள ட்ரெய்லர்களும் இன்னும் ஓடுகின்றன. அந்த ஓட்டுநர்கள் எண்ணூர் சாலையோரம் வண்டியை நிறுத்தியதும் இறங்கிப் போய் ஒவ்வொரு ஹப் மீதும் புறங்கையை வைத்துப் பார்ப்பதை இன்றும் பார்க்கிறேன். ஒரு ஹப் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், டீசலில் ஒரு பங்கு அங்கேதான் வெப்பமாகப் போய்க்கொண்டிருக்கிறது.