விண்ணப்பத்தில் இருப்பது யாருடைய நம்பர்?

அரசு மேல்நிலைப் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியராக இருக்கிறேன். பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளோடு உட்காருவதுதான் என் முக்கிய வேலை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டாள். ஓடிபி சட்டென்று வரட்டும் என்று கடைக்காரர் தன் எண்ணையே பதிந்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வாசலில் கூட்டம். அவளுக்கு ஒரு கல்லூரியில் தற்காலிகமாக இடம் ஒதுக்கியிருப்பதைச் சொல்லும் குறுஞ்செய்தி அவர் போனுக்குப் போனது. கடை அன்று பூட்டிக் கிடந்தது. குறித்த கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். போய்விட்டது. நான்காக மடித்த பிரிண்டைப் பிரித்து, "இது யார் நம்பர்மா?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. வீட்டிலிருந்து அரைமணி பஸ் பயணத்தில் இருந்த கல்லூரி அது. இன்றும் எனக்கு ஆறவில்லை.

அதனால் இப்போது விசைப்பலகையை நான் தொடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவேன், பிள்ளைதான் டைப் செய்ய வேண்டும். கைபேசி எண் வீட்டில் இருப்பவருடையதாக இருக்க வேண்டும். அப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போவார் என்றால் அம்மா எண். பாஸ்வேர்டை அவர்களே நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

சான்றிதழ்களில் சாதிச் சான்று பெரும்பாலும் கையில் இருக்கும். குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் என்று காட்டும் முதல் பட்டதாரிச் சான்றுக்குத்தான் கடைசி நேரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடுவார்கள். அதை ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நடுவில் பள்ளி மாறியவர்கள் எந்த வகுப்பு எந்தப் பள்ளி என்பதைச் சரியாக நிரப்பி, தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்று வாங்க வேண்டும். இதில் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஒரு வரியைத் தவறாக நிரப்பிவிட்டு இதை இழக்கலாமா?

நான் அதிக நேரம் செலவிடுவது, சேர விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாகப் போடும் விருப்பப் பட்டியலில்தான். பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிட்டு வரும் கட்-ஆஃபை வைத்துத் தரவரிசை வரும். உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்து, அப்போது காலியாக இருக்கும் முதல் விருப்பத்தை ஒதுக்குவார்கள். ஆகவே ஆசைப்படும் கல்லூரியைத் தயங்காமல் மேலே போடுங்கள், அதனால் கீழே உள்ள விருப்பத்துக்கு எந்தக் கெடுதலும் வராது. "சார், கண்டிப்பா கிடைக்கிறத முதல்ல போட்டுட்டேன்" என்று ஒரு பையன் வந்தான். அது கிடைத்துவிட்டால் கீழே எழுதிய நல்ல கல்லூரி எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னதும், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நல்லவேளை, பட்டியல் லாக் ஆகவில்லை. அப்புறம், ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும். பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டைப் பாருங்கள்.

பக்கத்தில் ஆள் இல்லையென்றால், ஒவ்வொரு மாவட்டத்திலும் பொறியியல் சேர்க்கை சேவை மையம் இருக்கிறது. உதவிக்குக் கட்டணம் கிடையாது. மதிப்பெண் பட்டியல், சான்றிதழ்களோடு, உங்கள் எண் இருக்கும் போனையும் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.