ரத்தப் புற்றுநோய் மருந்து ஆய்வில் சேர: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் கேட்க வேண்டியவை

"வேற எங்கயாவது ட்ரையல் நடக்குதான்னு பாருங்க." அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா, அதாவது ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய், மறுபடி வந்துவிட்ட குழந்தையின் பெற்றோரிடம் டாக்டர் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுகிறார். எங்கே பார்ப்பது, யாரைக் கேட்பது, என்ன பேப்பர் வேண்டும் என்று ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அலைந்து, நாளையும் காசையும் இழந்து, சிலர் ஏமாந்தும் போவதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் மருந்து ஆய்வுகளைக் கட்டுப்படுத்துவது 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள். எந்த ஆய்வும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் சிடிஆர்ஐ (CTRI) என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். 2009 ஜூன் 15 முதல் இது கட்டாயம். பதிவு எண் இல்லாத ஒன்றை யாராவது 'ட்ரையல்' என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நோய் இப்போதுதான் தெரிந்தது என்றால், ஆய்வு தேடுகிறேன் என்று சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். இது நாள் கணக்கில் ஏறும் நோய். குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் வழக்கமான சிகிச்சையிலேயே குணமாகிறார்கள். புதிதாக நோய் கண்டவர்களுக்கான ஆய்வுகளில் பலவும் அதே மருந்துகளைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பவைதான். சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பிஜிஐ, மும்பை, கொல்கத்தா டாடா மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஐசிக்கிள் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 5 வாரம் கொடுப்பதா, 3 வாரம் போதுமா என்பது அதில் ஒரு கேள்வி. டாக்ஸோரூபிசினுக்குப் பதில் மைட்டோசான்ட்ரோன் கொடுத்தால் பலன் கூடுமா என்பது இன்னொன்று. அதிசய மருந்து எதுவும் அதில் கிடையாது.

சேர முடியாமல் போவது எங்கே?

பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே. குழந்தைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், கால் வலி, கழுத்தில் நெறிக்கட்டு. உள்ளூர் கிளினிக்கில் ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். நாலே நாளில் நெறி வற்றிவிடும், பிள்ளை எழுந்து விளையாடும். ஆனால் ஸ்டீராய்டு இந்த நோய்க்கான முதல் மருந்துகளில் ஒன்று. அது நோயை அரைகுறையாக அடக்கி மறைத்துவிடும். பிறகு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் நோய் தெரியும்போது, 'முன்பே சிகிச்சை தொடங்கியவர்' என்ற கணக்கில் பல ஆய்வுகள் கதவைச் சாத்திவிடும். அதற்காக இதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது, மறைத்தால் சிகிச்சையே தப்பாகப் போகும். உள்ளூர் சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். எத்தனை நாள், எத்தனை மில்லிகிராம் என்பது எழுத்தில் இருந்தால் சில ஆய்வுகளில் இடம் கிடைக்கலாம். "ஏதோ வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் அந்த வாய்ப்பும் இல்லை.

அடுத்தது வயது. பல மருத்துவமனைகளில் பன்னிரண்டைத் தாண்டினால் பெரியவர்கள் வார்டு. ஆனால் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவு நடத்தும் ஆய்வில் 18 வரை சேர்க்கலாம் என்றிருக்கும். ஐசிக்கிளில் வயது வரம்பு 1 முதல் 18. பதினாலு வயதுப் பையன் மேல்மாடியில் படுத்திருப்பான், அவனுக்கான ஆய்வு கீழ்மாடியில் நடக்கும். இரண்டு பிரிவுக்கும் பேச்சே இருக்காது. நீங்களே இறங்கிப் போய்க் கேளுங்கள்.

நோய் திரும்பியவர்களுக்கு வேறு வகை நிபந்தனைகள். கடைசி கீமோ முடிந்து இத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும், கல்லீரல் ரத்தப் பரிசோதனை அளவுகள் இதற்குள் இருக்க வேண்டும், ஹெபடைடிஸ் பி என்ற மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கக் கூடாது, மூளைத் தண்ணீரில் நோய் இருக்கக் கூடாது என்று நீளும். நோய் அணுக்களின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தைக் குறிவைக்கும் சிகிச்சை என்றால் நோய் அணுக்களில் சிடி19 இருக்கிறது என்ற ஃப்ளோ சைட்டோமெட்ரி ரிப்போர்ட் வேண்டும். போன வருடத்து ரிப்போர்ட் பெரும்பாலும் செல்லாது, நோய் திரும்பிய பின் எடுத்தது கேட்பார்கள். "ஆய்வுக்குப் போகப் போறீங்களா, அதுவரை ஒரு கீமோ ஏத்திடலாம்" என்று யாராவது சொன்னால், சரி என்பதற்கு முன் ஆய்வு நடக்கும் இடத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். அந்த ஒரு கீமோவாலேயே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

இனி பேப்பர்கள். போன் மேரோ ரிப்போர்ட், ஃப்ளோ, குரோமோசோம் ரிப்போர்ட், பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) மரபணு ரிப்போர்ட், இண்டக்‌ஷன் என்ற முதல் கட்ட கீமோ முடிவில் மிச்ச நோய் எவ்வளவு என்று பார்த்த எம்ஆர்டி, எந்தத் தேதியில் என்ன மருந்து ஏறியது என்ற கீமோ சார்ட், எல்லா டிஸ்சார்ஜ் சம்மரியும். இதில் கீமோ சார்ட்டைத்தான் கொடுக்க மாட்டேன் என்பார்கள். "ரெக்கார்ட் செக்‌ஷன்ல கேளுங்க", "டாக்டர் சொல்லணும்", "டாக்டர் லீவு", "அடுத்த வாரம் வாங்க". இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்த ஆளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுத்தாக வேண்டும். வாய் வார்த்தையாகக் கேட்டால் அந்த 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைத் தாளில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். சீலைப் பார்த்ததும் லீவில் இருந்த டாக்டர் கிடைத்துவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டில் தேடுவது

சிடிஆர்ஐ தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். நோயின் பெயரை ஆங்கிலத்தில் முழுதாகத் தட்டுங்கள். லுக்கேமியாவை அமெரிக்க முறையிலும், ஒரு எழுத்து கூடுதலாக வரும் பிரிட்டிஷ் முறையிலும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒன்றில் வராதது மற்றதில் வரும்.

'நோயாளிகளைச் சேர்க்கிறோம்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்பி ரயில் ஏறாதீர்கள். எப்போதோ முடிந்த ஆய்வும் புதுப்பிக்கப்படாமல் அப்படியே கிடக்கும். பக்கத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஆய்வு நடக்கும் மருத்துவமனைகளின் பட்டியல். இன்னொன்று, ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஆய்வைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டதா என்ற வரி. ஒப்புதல் வராத மருத்துவமனையில் போய் நின்றால் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள். பொதுத் தொடர்பு என்று போட்டிருக்கும் எண் பல நேரம் மருந்துக் கம்பெனி ஆளுடையதாக இருக்கும். மருத்துவமனை வாரியாகக் கொடுத்திருக்கும் ஆய்வாளர் எண்ணைக் கூப்பிட்டு, அவருடைய ஸ்டடி கோஆர்டினேட்டரைக் கேளுங்கள். பதிவு எண், வயது, நோய் எத்தனையாவது முறை, கடைசி கீமோ தேதி, இந்த நாலையும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் அவர்களும் நேரடியாகப் பதில் சொல்வார்கள்.

கார்-டி செல், அதாவது நோயாளியின் வெள்ளை அணுக்களையே மாற்றியமைத்து நோயைத் தாக்க வைக்கும் சிகிச்சை, என்று கேள்விப்பட்டு நிறைய பேர் வருகிறார்கள். ஐஐடி மும்பையில் பிறந்த நெக்ஸ்கார்19 என்ற கார்-டி செல்லுக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்துவிட்டது. அதனால் இப்போது அது விலைக்கு வரும் சிகிச்சை. பி-செல் ஏ.எல்.எல். நோய் திரும்பிய, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது, செலவு லட்சக்கணக்கில். வேலூர் சிஎம்சி தன் மருத்துவமனையிலேயே கார்-டி செல் தயாரித்துக் கொடுத்துப் பார்த்தது ஆய்வு. ஒருவர் 'கார்-டி' என்றால், விற்பனையா ஆய்வா என்று முதலில் கேளுங்கள். ஆய்வில் சேர்த்துவிட இவ்வளவு கொடுங்கள் என்று இடையில் யாராவது கை நீட்டினால் அது மோசடிதான்.

கையெழுத்து

ஒரு அம்மா தன் பையிலிருந்து எடுத்துக் காட்டிய ஒப்புதல் படிவம் இன்னும் கண்ணில் நிற்கிறது. போனில் எடுத்த மங்கலான படம்தான் அது, ஒரிஜினலின் பிரதியைக் கொடுக்கவில்லை. ஆண்டு வருமானம் என்ற கட்டம் காலி. நாமினி என்ற கட்டம் காலி. கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது.

நாமினி பெயர், முகவரி, உறவு, வருமானம், தொழில் எல்லாம் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பதற்காகத்தான் நாமினி கட்டம். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தகவல் தாளும் நிரப்பிய ஒப்புதல் படிவமும் பிரதியாக உங்கள் கைக்கு வர வேண்டும், அதையும் விதிதான் சொல்கிறது. தமிழில் கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வைச் சேராத ஒரு சாட்சி, விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும் வரை கூடவே இருக்க வேண்டும். வார்டு அட்டெண்டரைக் கடைசி நிமிடத்தில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினால் அது சாட்சி ஆகாது.

எந்தச் செலவு உங்கள் தலையில் விழும் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஆய்வு மருந்து இலவசமாக இருக்கும், கூடவே போகும் வழக்கமான கீமோவுக்கு பில் போடுவார்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று காப்பீட்டு கவுன்டரிலும் கேட்டு வையுங்கள். பஸ் காசு தருவார்களா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ரயில் என்றால் மருத்துவமனைச் சான்றிதழைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை.

"வேண்டாம்னு சொன்னா இங்க வைத்தியமே பார்க்க மாட்டாங்களோ" என்ற பயத்திலேயே பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். மறுக்கலாம், பாதியில் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

ஏதாவது ஆகிவிட்டால்

ஆய்வின்போது உடல்நலத்தில் பெரிய பாதிப்பு வந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். சிகிச்சையும் இலவசம். இங்கேதான் பெரிய அநியாயம் நடக்கிறது. "மருந்தாலதான் ஆச்சுன்னு முதல்ல தெரியட்டும்" என்று சொல்லி பில்லை நீட்டுவார்கள். விதி 40 இதற்கு நேர் எதிராக இருக்கிறது. சிகிச்சை தேவை என்று ஆய்வாளர் கருதும்வரை, அல்லது ஆய்வுக்கும் பாதிப்புக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிக்கப்படும்வரை, எது முன்போ அதுவரை, ஸ்பான்சர்தான் (ஆய்வை நடத்தும் கம்பெனியோ அமைப்போ) செலவை ஏற்க வேண்டும். நிரூபிக்கும் வேலை குடும்பத்துடையது கிடையாது.

உயிரிழப்புக்கான இழப்பீடு 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து, வயதையும் சேரும்போது நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பதையும் கொண்டு கணக்கிடப்படுகிறது. 4 லட்சத்திலிருந்து 73.60 லட்சம் வரை போகலாம். ஒரு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 90 சதவீதமோ அதற்கு மேலோ என்ற நிலையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் 2 லட்சம்தான். அதனால் சேர்ந்த நாளின் ரிப்போர்ட்டுகளைத் தனிக் கவரில் பத்திரப்படுத்துங்கள். அன்று பிள்ளை எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இருக்காது. உத்தரவு வந்த 30 நாளில் ஸ்பான்சர் பணம் தர வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வைத்து, கம்பெனி இல்லாமல் மருத்துவமனையே நடத்தும் ஆய்வு என்றால் ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டுதல்கள்தான் பொருந்தும். இழப்பீட்டுக்கு நிதியோ இன்சூரன்ஸோ இருக்கிறதா என்று சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

புகார் என்றால் முதலில் நெறிமுறைக் குழுவின் செயலாளருக்கு. அவர் எண் ஒப்புதல் தாளில் இருக்கும். பதில் இல்லையென்றால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தென்மண்டல அலுவலகம் சென்னை ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. அங்கே கொடுக்கும் மனுவில் சிடிஆர்ஐ எண், சேர்ந்த தேதி, பாதிப்பு தொடங்கிய தேதி, கட்டச் சொன்ன பில்லின் நகல் நான்கும் இருக்கட்டும். மனுவின் இன்னொரு பிரதியில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.