ரிச் டெக்ஸ்ட்: செறிவான உரையா, வடிவூட்டிய உரையா?

ரிச் டெக்ஸ்டைத் தமிழில் 'செறிவான உரை', 'வளமான உரை' என்றெல்லாம் எழுதுகிறார்கள். இவை 'ரிச்' என்ற அடைமொழியைப் பெயர்க்கின்றன, பொருளைத் தொடுவதில்லை. தடிப்பு, சாய்வு, நிறம், பட்டியல் என எழுத்தின் வடிவமும் எழுத்தோடு சேர்ந்தே சேமிக்கப்படும் உரைதான் ரிச் டெக்ஸ்ட். வடிவூட்டிய உரை என்பதே அதற்குப் பொருத்தம். 'அணியுரை' அழகான சொல்தான், ஆனால் அணிந்துரையோடு குழம்பும். வடிவம் ஏதும் சேராத பிளெயின் டெக்ஸ்டுக்கு 'வெற்றுரை' என்றால் வீண்பேச்சு என்ற பொருள் வந்துவிடும். வெறும் உரை என்றாலே போதும்.

டெக்ஸ்ட், லத்தீனில் நெய்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. நம்மிடமும் நூல் என்ற ஒரே சொல் இழைக்கும் புத்தகத்துக்கும் உண்டு. நன்னூல் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் காட்டுகிறது. குடியாத்தத்துத் தறிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லுங்கியின் கரை நிறம் மேலே பூசுவதல்ல, பாவிலேயே ஓடுவது. வடிவூட்டிய உரையிலும் நிறமும் தடிப்பும் குறிச்சொற்களாக (டேக்) எழுத்துக்கு நடுவே ஓடுகின்றன.

அந்தக் குறிச்சொற்கள் வெளியே தெரிவதுதான் அதிகம் நிரல் எழுதாமல் உருவாக்கும் குறைநிரல் (லோ-கோட்) செயலிகளின் அட்டவணைக் காட்சியில் வரும் தலைவலி. ராணிப்பேட்டை டேனரி ஒன்றின் தரச்சோதனைச் செயலி என்று வைத்துக்கொள்வோம். குறிப்புப் புலத்தில் (குறிப்பு எழுதும் ஃபீல்டு) 'தோல்' என்ற சொல்லைத் தடிப்பாக்கினால், அட்டவணையில் '<டிவ்><ஸ்ட்ராங்>தோல்' என்று குப்பையாக வந்து நிற்கும். தரவு கெடவில்லை. வெறும் உரைக் கட்டத்துக்கு இந்தக் குறிச்சொற்களின் மொழியான எச்டிஎம்எல்லைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்டின் குறைநிரல் கருவியான பவர் ஆப்ஸின் கேன்வாஸ் செயலியில், அட்டவணை காட்டும் டேட்டா டேபிளை விட்டுவிட்டு, பதிவுகளை அடுக்கிக் காட்டும் கேலரியில் உயரம் நெகிழும் வகையைப் போடுங்கள். அதனுள் லேபிளுக்குப் பதில் எச்டிஎம்எல் டெக்ஸ்ட் கட்டுப்பாட்டை வைத்து, குறிப்புப் புலத்தை இணைத்து, ஆட்டோ ஹைட்டை இயக்குங்கள். சாதாரணக் கேலரியில் வரிசை உயரம் மாறாது, நீளக் குறிப்பு பாதியில் வெட்டுப்படும்.

பட்டியலில் முன்னோட்டம் மட்டும் போதுமென்றால் பிளெயின் டெக்ஸ்ட் என்ற சார்பால் (ஃபங்ஷன்) குறிச்சொற்களை நீக்கி, பிறகு லெஃப்ட் சார்பால் 80 எழுத்தாக வெட்டலாம். வரிசை மாறக் கூடாது. முதலில் வெட்டினால் குறிச்சொல்லின் நடுவே கத்தி விழும், மிச்சத் துண்டு திரையில் தங்கும். தமிழில் இன்னொரு கவனமும் வேண்டும்: மெய்யெழுத்தின் புள்ளிக்கு முன்னால் வெட்டு விழுந்தால் 'தோல்' என்பது 'தோல' ஆகிவிடும்.

புல நீளத்தையும் தாராளமாக வையுங்கள். 'தோல்' நம் கண்ணுக்கு 2 எழுத்து, யூனிகோடில் 4 குறியீடு. ஸ்ட்ராங், டிவ் என்ற குறிச்சொற்கள் ஆங்கில எழுத்தில் திறப்பும் மூடலுமாக அதைச் சுற்றிக்கொண்டால் மொத்தம் 32. தரவைப் பட்டியலாகச் சேமிக்கும் மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயிண்டின் ஒற்றை வரிப் புலம் 255 எழுத்தோடு நின்றுவிடும். அங்கே வடிவூட்டிய உரைக்குப் பல வரிப் புலம்தான்.

ஒரு சொல்லில் பாதியை மட்டும் தடிப்பாக்காதீர்கள். 'தையல்' என்பதில் 'தை'யை மட்டும் தடிப்பாக்கினால் இடையில் குறிச்சொல் புகுந்துவிடும், அந்தச் சொல்லைத் தேடினால் அந்த வரிசை சிக்காது. தேடலுக்கென்றே குறிச்சொல் நீக்கிய வெறும் உரையைத் தனிப் புலத்தில் சேமித்து வைப்பது நல்லது.