நிலத்தை அளந்து முளைக்குச்சி அடிப்பதற்கு முன்பே வாருங்கள்

எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா பேரனைக் கூட்டிக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். கைப்பையிலிருந்து நான்காக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சாலையை அகலப்படுத்துவதற்காக அவர் வீட்டு முன்புறத்தில் ஒரு துண்டு நிலத்தை நகராட்சி எடுக்கப்போகிறது. சுற்றுச்சுவர், முருங்கை, அவர் மாமியார் நட்ட கறிவேப்பிலை மரம் எல்லாம் அந்தத் துண்டில்தான் இருந்தன. "தம்பி, இதை நிறுத்த முடியுமா?" என்று கேட்டார்.

கடிதம் யார் பெயருக்கு வந்திருக்கிறது என்று பார்த்தேன். அவருடைய மாமனார் பெயருக்கு. அவர் இறந்து முப்பது ஆண்டுகளாகின்றன. பத்திரம் இன்னும் அவர் பெயரிலேயே கிடந்தது. முந்தைய கடிதங்கள் எல்லாம் குடும்பம் என்றோ கைவிட்ட ஒரு தபால் பெட்டிக்குப் போயிருந்தன. நகராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றி ஓர் ஆண்டுக்கு மேலாகிவிட்டது. கூட்டக் குறிப்பை வாங்கிப் படித்தேன். அந்தத் தெருவைப் பற்றி இரண்டே வரிகள். ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்பது இரண்டாவது வரி.

நில வழக்கறிஞராக இத்தனை ஆண்டுகளில் என்னை அதிகம் வருத்தியது அந்த இரண்டாவது வரிதான். வேறு வேறு குடும்பங்களின் கோப்புகளில் அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

நம் மக்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். டர்பனில் கேட்டோ மேனர் பக்கம் காய்கறி பயிரிட்டுப் பிழைத்த இந்தியக் குடும்பங்கள், மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் வீட்டையும் தோட்டத்தையும் இழந்து, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போனார்கள். அன்று ஆட்சேபித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் மன்றத்தில் அவர்களுக்கு வாக்கில்லை. அரசாங்க உறை வந்தால் பிரிக்காமல் அலமாரியில் வைக்கும் பழக்கம் அந்தக் காலத்தில் வேரூன்றியது. பேரப்பிள்ளைகளுக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது.

இன்றைய நிலை வேறு. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 25ஆவது பிரிவின்படி, பொதுத் தேவைக்காக அல்லது பொது நலனுக்காக மட்டுமே நிலத்தை எடுக்கலாம். இழப்பீடு நியாயமானதாக இருக்க வேண்டும். சந்தை விலையோடு, நிலம் இப்போது எப்படிப் பயன்படுகிறது, முன்பு எப்படிக் கைக்கு வந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு வாதம் பெரும்பாலும் "எவ்வளவு தருவீர்கள்" என்பதில்தான் நிற்கிறது. "எடுக்கத்தான் வேண்டுமா, சாலையை எதிர்ப்பக்கம் நகர்த்தக் கூடாதா" என்று கேட்கும் காலம் போய்விடுகிறது. முடிவையே எதிர்த்து நீதிமன்றம் போவதென்றாலும் தாமதம் கூடாது. 180 நாட்களுக்கு மேல் இழுத்தால் கதவு ஏறக்குறைய மூடியதுதான்.

எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பதற்கு உரிய இடம் மன்றம். மன்றம் திறந்த முறையில் நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 160ஆவது பிரிவு சொல்கிறது. தகுந்த காரணம் இருந்தால்தான் கதவைச் சாத்தலாம். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டை அதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன், அதாவது ஏப்ரல் தொடக்கத்துக்குள், மன்றத்தில் வைத்து மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். சாலை, குழாய், மழைநீர் வாய்க்கால் போன்றவை பெரும்பாலும் அதில்தான் முதலில் தலைகாட்டும். தெருவின் பெயர் வருகிறதா என்று மட்டுமாவது பாருங்கள். வந்தால் எழுத்தில் கேளுங்கள். வார்டு குழுவில் சொன்னேன் என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். சொல்வது நல்லதுதான், ஆனால் அந்தக் குழு ஆலோசனைதான் சொல்ல முடியும், தீர்மானிக்க முடியாது.

2025 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒப்பமிட்ட கையகப்படுத்தல் சட்டத்தைப் பற்றிப் பயந்து பலர் கேட்கிறார்கள். இழப்பீடின்றி எடுப்பதற்கு அது எடுத்துச் சொல்லும் சூழல்களில், உரிமையாளர் கைவிட்ட நிலமும் விலை ஏறட்டும் என்று சும்மா போட்டுவைத்த நிலமும் அடங்கும். குடும்பம் வசிக்கும் வீட்டை அது அப்படிக் குறிப்பிடவில்லை. ஆனால் தாத்தா பெயரில் பத்திரம், கட்டாத வரி, புதர் மண்டிய மனை என்றிருந்தால், அது கைவிட்ட நிலம்தானே என்று வாதிட நாமே இடம் கொடுக்கிறோம். மரணத்தை, இறந்தவர்களின் சொத்துகளைக் கவனிக்கும் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் தெரிவித்து, வாரிசு பெயருக்குப் பத்திரத்தை மாற்றுங்கள். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாண நிலங்களுக்குப் பத்திரப் பதிவகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது.

கோயில் கமிட்டிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காவடி நாளில் வண்டி நிறுத்தும் பக்கத்து மனை பல இடங்களில் நகராட்சிக்குச் சொந்தமானது. "அது உங்களுக்குத்தான்" என்று மன்ற உறுப்பினர் ஒருவர் விழா மேடையில் சொன்னதை நம்பிச் சிலர் அங்கே மண்டபமே கட்டிவிடுகிறார்கள். அந்த வாக்குறுதிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அடிப்படைச் சேவைக்கு அந்த மனை தேவையில்லை என்று மன்றம் பொதுமக்கள் முன்னிலையில் தீர்மானித்து, சந்தை மதிப்பையும் பரிசீலித்த பிறகுதான் அதை விற்கவோ மாற்றித் தரவோ முடியும். 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. செங்கல் வாங்குவதற்கு முன் தீர்மானத்தின் நகலை வாங்குங்கள்.

ஆயாவின் சாலையை நிறுத்த என்னால் முடியவில்லை. சுவருக்கும் வாசல் கதவுக்கும் தனியாக இழப்பீடு கேட்டு வாங்கினோம். பத்திரம் இப்போது அவர் பெயரில் இருக்கிறது. கறிவேப்பிலையின் பக்கக் கன்று ஒன்றைப் பேரன் வேரோடு தோண்டிப் பின்கட்டில் நட்டிருக்கிறான்.