பாலத்தின் காலைப் பாருங்கள்

பழைய கல் பாலத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று யாராவது போன் செய்தால், கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படமும் வரும். வளைவின் உச்சியில், நடுவில் செருகிய சாவிக்கல்லை ஒட்டி மயிரிழை மாதிரி ஒரு கோடு. அதைச் சுற்றி சிவப்பு வட்டம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஆத்துல தண்ணி எவ்வளவு? கீழே இறங்க முடியுமா?" கேட்டவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். விரிசல் மேலே, இந்த ஆள் எதற்குக் கீழே போகிறேன் என்கிறார்?

இதை விளக்க நான் வழக்கமாகச் சொல்லும் கதை இத்தாலியில் நடந்தது. மிலானுக்கு வடகிழக்கே திரெஸ்ஸோ என்று ஓர் ஊர். அத்தா ஆறு அங்கே பாறைப் பள்ளத்துக்குள் சட்டென்று வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் மிலானை ஆண்ட பெர்னபோ விஸ்கோன்தியின் கோட்டை. கோட்டைக்குள் நுழைய அவர் 1370-ல் ஒரு பாலம் கட்டத் தொடங்கினார், 1377-ல் முடிந்தது. ஆற்றில் ஒரு தூண்கூட ஊன்றவில்லை. கரைக்குக் கரை ஒரே கல் வளைவு, குறைந்தது 72 மீட்டர். 76 வரை இருந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. நம் ஊர் டவுன் பஸ் ஆறை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். இவ்வளவுக்கும் வளைவின் கனம் சுமார் 2.25 மீட்டர்தான்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது பின்னால் வந்தவர்களைப் பார்த்தால்தான் புரியும். 1832-ல் இங்கிலாந்தின் செஸ்டரில் கட்டிய பெரிய கல் வளைவு 61 மீட்டர். 1864-ல் அமெரிக்காவில் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் கட்டிய கேபின் ஜான் பாலம் 67. திரெஸ்ஸோவைத் தாண்டிய கல் வளைவு 1903-ல்தான் வந்தது: லக்சம்பர்க்கின் அடோல்ஃப் பாலம், 84 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இடையில் 500 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சரி, அப்படிப்பட்ட பாலம் எத்தனை வருடம் நின்றது? 39.

வளைவுப் பாலத்தை நிறுத்தி வைப்பதே அதன் எடைதான். கல்லுக்கு அமுக்கம் பழக்கம், இழுவை ஆகாது. கற்கள் ஒன்றையொன்று நெருக்கி, அந்த நெருக்கம் முழுவதும் கடைசியில், இரு கரையிலும் வளைவு ஊன்றி நிற்கும் கரைக் கால்களில் வந்து இறங்கும். கீழ்நோக்கி மட்டுமா? வெளிப்பக்கமாகவும் உதைக்கும். திரெஸ்ஸோ வளைவின் உயரம் சுமார் 21 மீட்டர். பாலம் மீட்டருக்கு ஒரு டன் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒவ்வொரு காலிலும் கீழ்நோக்கி 36 டன், பக்கவாட்டில் ஏறக்குறைய 31 டன். உண்மையான எடை இதைப்போல் பல மடங்கு. சுவரில் சாய்த்த ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் முனையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், கீழே தரை வழுக்கினால் முடிந்தது.

கால் ஒரு விரல்கடை வெளியே நகர்ந்தால் போதும், உச்சியில் அடிப்பக்கம் வாய் திறக்கும். வாட்ஸ்அப்பில் வரும் சிவப்பு வட்டம் பல சமயம் அதுதான்.

பெர்னபோவின் கதையும் நல்லபடி முடியவில்லை. 1385-ல் அண்ணன் மகன் ஜான் கலியாட்சோ அவரைப் பிடித்து இதே திரெஸ்ஸோ கோட்டையில் அடைத்தார். அந்த வருடக் கடைசியில் அங்கேயே இறந்தார், விஷம் என்று பேச்சு. அப்புறம் 1416-ல் படைத்தலைவர் கார்மன்யோலா கோட்டையை முற்றுகையிட்டார். பாலத்தை ஒழிக்க அவர் வளைவில் கை வைக்கவில்லை. ஒரு பக்கத்துக் காலைப் பலவீனப்படுத்தினார். மிச்சத்தைப் பாலத்தின் எடையே பார்த்துக்கொண்டது. இரு கரையிலும் ஆற்றை நோக்கிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் அடிக்கட்டைகள் இன்றும் இருக்கின்றன.

கார்மன்யோலா ஆள் வைத்துச் செய்ததை நம் ஆறுகளில் மணல் லாரி செய்கிறது. சில வருடம் முன்பு ஒரு பழைய வளைவுப் பாலத்துக்குப் போயிருந்தேன். புதிதாக சிமென்ட் பூசி, வெள்ளை அடித்து, பார்க்கப் பளிச்சென்று இருந்தது. (சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதன் மேல் சிமென்ட் பூசினால் உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கல்லைத் தின்னும். அது தனிக் கதை.) கீழே இறங்கினேன். கரைக் காலின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெளிர் பட்டை. மேலே கருத்துப் பாசி படிந்த கல், கீழே பாசியே இல்லாத கல். அவ்வளவு உயரத்துக்கு ஒரு காலத்தில் மண் மூடியிருந்தது என்று அர்த்தம். காலடி மணல் பார்வைக்குச் சமமாகத்தான் இருந்தது. ஒரு மீட்டர் கம்பியை வைத்து அழுத்தினால் கை பிடிக்கும் இடம்வரை சிரமமே இல்லாமல் உள்ளே போனது. வெள்ளத்தில் அரிக்கும் குழியை, வெள்ளம் வடியும்போது லேசான மணல் வந்து மூடிவிடும். அதனால்தான் கோடையில் போய்ப் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் நன்றாகவே தெரியும்.

உங்கள் ஊரில் பழைய பாலம் இருந்தால் இந்த வெளிர் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்து, தேதியோடு மனு கொடுங்கள். கல் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை மட்டும் நீங்களே பிடுங்கப் போகாதீர்கள். வேரோடு கல்லும் வரும்.

நான் இறங்கிப் பார்த்த அந்தப் பாலத்தின் காலடியில் பெருங்கல் அடுக்கிப் பாதுகாக்கவும், பக்கத்தில் மணல் அள்ளுவதை நிறுத்தவும் எழுதிக் கொடுத்தேன். "விரிசலுக்கு என்ன சார்?" என்று கேட்டார்கள். விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒட்டினேன். பாலம் அசைந்தால் சில்லு உடையும். அடுத்த மழைக்காலம் முடிந்து போனபோது ஒன்று உடைந்திருந்தது. பெருங்கல் இன்னும் வந்து சேரவில்லை. கம்பியை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே இறங்கினேன்.