கிரிமினாலஜியா, கோடிங்கா என்று கேட்பவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எனக்கு இரண்டு விதமான போன் வரத் தொடங்கும். "பையன் பி.எஸ்சி. கிரிமினாலஜிதான் வேணும்னு நிக்கிறான், வேலை கிடைக்குமா சார்?" என்பது ஒன்று. "பொண்ணுக்கு பி.சி.ஏ. சேர்த்துட்டு அப்புறம் சைபர் கிரைம் பக்கம் போக முடியுமா?" என்பது இன்னொன்று. கம்ப்யூட்டர், செல்போனில் இருக்கும் சாட்சியங்களை ஆய்வு செய்து கொடுப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வருகின்றன. இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: எதில் சேர்ந்தாலும் மற்றதில் பாதியாவது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒரு சிறு நிறுவனத்தில் வேலையை விட்டுப் போன ஊழியர் வாடிக்கையாளர் பட்டியலை பென்டிரைவில் எடுத்துப் போய்விட்டார் என்று புகார். முதலாளியின் அக்கா மகன் கெட்டிக்காரன், நன்றாகக் கோடு எழுதுவான். மாமாவுக்கு உதவுகிறேன் என்று அந்த லேப்டாப்பைத் திறந்து, சந்தேகப்பட்ட ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தன் பென்டிரைவைச் செருகிப் பிரதியும் எடுத்துவிட்டான். என்னிடம் வந்தபோது பல ஃபைல்களின் தேதி மாறியிருந்தது. கடைசியாகச் செருகிய பென்டிரைவ் என்று அவனுடையதே பதிவாகியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? முதலில் ரைட் பிளாக்கர் (டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) வழியாக டிஸ்க்கை அப்படியே இமேஜ், அதாவது முழுப் பிரதி எடுத்து, ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான அடையாள எண்) குறித்துக்கொண்டு, பிரதியில்தான் கை வைக்க வேண்டும் என்று எந்தப் புரோகிராமிங் வகுப்பிலும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி கிரிமினாலஜியில், அதாவது குற்றவியலில், நல்ல மதிப்பெண் வாங்கியவள். 1939இல் அமெரிக்கச் சமூகவியலாளர் சதர்லேண்ட் 'வெள்ளைக் காலர் குற்றம்' (பதவியில் இருப்பவர்கள் தொழில்வழியே செய்யும் குற்றம்) பற்றிப் பேசியதையெல்லாம் அழகாகச் சொல்வாள். ஒரு மோசடி வழக்கின் பணப் பரிமாற்ற ஃபைலைக் கொடுத்தேன். எக்ஸெலில் திறந்தாள், சின்ன எச்சரிக்கை வந்தது, ஓகே அழுத்திவிட்டாள். எக்ஸெல் ஷீட்டில் 10,48,576 வரிகளுக்கு மேல் நிற்காது, மீதி வெட்டுப்பட்டுவிடும். மாதத்தின் கடைசி வாரம் முழுக்கக் காணாமல் போனது அவளுக்குத் தெரியவே இல்லை. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் இருபது வரி எழுதத் தெரிந்திருந்தால் அரை மணி நேர வேலை.

நேரக் கணக்கும் இப்படித்தான் காலை வாரும். சர்வர் பதிவுகள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதில் 20.10 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 1.40. இந்த ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்துவிட்டு, ஒரு ஐ.பி. முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) அப்போது யார் பயன்படுத்தினார்கள் என்று கேட்டால், சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டுக் கதவைத்தான் போய்த் தட்டுவோம்.

இப்போது சட்டமே இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி, மின்னணுச் சாட்சியத்தோடு தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பை எழுத வேண்டும். அதன் இரண்டாம் பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தந்திருக்கிறார்கள். ஆள் தேவைப்படும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டம் வாங்கிய எல்லோரையும் நிபுணர் என்று கோர்ட் ஏற்றுக்கொள்ளாது.

சரி, எங்கே படிப்பது? சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித் துறைகள் உண்டு. தடய அறிவியலுக்கென்றே காந்திநகரில் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தனியார் கல்லூரி என்றால் படிப்பின் பெயரில் 'சைபர்' இருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். சிலபஸை வாங்கிப் படியுங்கள். சட்டத்துக்கு எத்தனை தாள், புரோகிராமிங்குக்கு எத்தனை தாள் என்று எண்ணுங்கள். லேபில் ரைட் பிளாக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேள்வி புரியாமல் விழித்தால் அதுவே பதில். போலீஸ் எஸ்.ஐ. ஆவதுதான் கனவு என்றால், தாலுகா எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், கிரிமினாலஜிதான் படிக்க வேண்டும் என்பதில்லை. இது தெரியாமல் கடன் வாங்கிச் சேர்த்த பெற்றோர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இரண்டுமே வேண்டும் என்பவர்களுக்கும் வழியிருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022இல் அனுமதி கொடுத்துவிட்டது. ஒன்றை நேரடியாகவும் இன்னொன்றைத் தொலைதூரக் கல்வியிலும் படிக்கலாம். அந்தத் தொலைதூரப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பிள்ளைக்கு இதில் உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்கு ஹாஷ் எடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அதற்கு கட்டளை இருக்கிறது. ஃபைலில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஹாஷ் முழுக்க வேறாக மாறியிருக்கும். "ஏன் இப்படி?" என்று அன்று ராத்திரி தூங்காமல் தேடினால், தைரியமாகச் சேர்த்துவிடலாம்.