எம்.பி.பி. அலுவலகத்துக்கு எதற்குப் போவது?

கனடாவின் ஒன்ராறியோவில், குடிவரவு விண்ணப்பம் இழுபடுகிறது என்று மாகாண சபை உறுப்பினரின் (எம்.பி.பி.) அலுவலகத்துக்குப் போய், வெறுங்கையோடு திரும்புகிறவர்களை, குடியேற்ற ஆலோசகரான நான் அடிக்கடி காண்கிறேன். குடிவரவு, கடவுச்சீட்டு எல்லாம் மத்திய அரசின் கையில், அதற்கு மத்திய நாடாளுமன்ற உறுப்பினரான எம்.பி.யிடம் போகவேண்டும். குப்பை அள்ளுவது நகரசபை. ஒன்ராறியோ மாகாணத்திடம் இருப்பவை ஓஹிப் எனப்படும் மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், பள்ளிக்கூடம், வாடகைச் சட்டம் போன்றவை. அன்றாடத்தில் பாதி இதற்குள் வந்துவிடும். அப்படியிருந்தும் 2022 மாகாணத் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 44 சதவீதம்தான்!

'மாகாண அரசியல்வாதியால் என்ன ஆகும்?' என்பவர்களுக்கு ஜிம் பிராட்லியைச் சொல்வேன். ஆசிரியராக இருந்தவர். சென் கத்தரீன்ஸ் நகரசபைக்குப் போய், அப்புறம் 1977இல் அதே ஊரிலிருந்து குயின்ஸ் பார்க்குக்கு, அதாவது மாகாண சட்டமன்றத்துக்கு, தெரிவானார். 2018இல் தோற்கும்வரை 41 வருடம் தொகுதி அவரிடமே இருந்தது. அதில் பாதி எதிர்க்கட்சி வரிசையில். 1985இல் சுற்றாடல் அமைச்சரானதும், அமில மழையைக் குறைக்க நான்கு பெரிய நிறுவனங்களுக்குக் கட்டாய வரம்பு வந்தது. சட்பரி நகரிலிருந்த இன்கோ நிறுவனத்தின் நிக்கல் உருக்கும் உலை மட்டும் வெளியிடும் கந்தக டைஒக்சைட்டை 1994க்குள் வருடத்துக்கு 265,000 தொன்னாக இறக்கவேண்டும் என்றார்கள். மாகாண அதிகாரத்துக்கு அவ்வளவு பலம் உண்டு.

ஆனால் அந்தப் பலம் எல்லா இடத்திலும் செல்லாது. வீட்டுக்காரர், தானே குடியிருக்க வீடு வேண்டும் என்று என்12 அறிவித்தல் தந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 'எம்.பி.பி. ஒரு போன் எடுத்தால் சரி' என்று பலர் நம்புகிறார்கள். வாடகைத் தீர்ப்பாயத்தின் முடிவில் அவர் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. அந்த அறிவித்தலுக்குக் குறைந்தது 60 நாள் தவணை வேண்டும். தவணை முடிந்தாலும் தீர்ப்பாயத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. இதற்குப் போகவேண்டிய இடம் சமூகச் சட்ட உதவி நிலையம்.

எம்.பி.பி. அலுவலகம் உதவுவது, மாகாண அமைச்சுகளில் கோப்பு சிக்கி நிற்கும்போது. போகும்போது கோப்பு இலக்கம், வந்த கடிதங்களின் பிரதி, யாரோடு எந்தத் தேதியில் பேசினீர்கள் என்ற குறிப்பு இவற்றைக் கொண்டுபோங்கள். உங்கள் சார்பில் விசாரிக்கச் சம்மதப் படிவத்தில் ஒப்பம் கேட்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. வாக்குரிமை இல்லாதவரும் போகலாம். காசு ஒரு சதமும் இல்லை. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.